திருப்பூர் தந்த கல்வித் தொண்டர் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார்

நொய்யல் ஆற்றின் கரையில் அமைந்த திருப்பூர் இன்று பின்னலாடையால் உலகறிந்த நகரம். 1903-ஆம் ஆண்டில் அது கோயமுத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு சிற்றூர். புகைவண்டி நிலையமும் பஞ்சு வாணிகமுமே அதன் அடையாளங்கள். அவ்வாண்டு மே 5-ஆம் நாள் அவ்வூரில் வசதி படைத்த குடும்பம் ஒன்றில் அவினாசிலிங்கம் பிறந்தார். அண்மையிலுள்ள அவினாசித் தலத்து இறைவன் பெயரே அவருக்கு வாய்த்தது.

தமிழ்ச் சமணர்க்கு அப்பகுதி அயலிடமன்று. நெட்டைக்கோபுரச் சினாலயம் நிற்பதும், பெருங்கதை பாடிய கொங்குவேளிரின் பெயரோடு இணைத்துச் சொல்லப்படுவதுமான விசயமங்கலம் திருப்பூரிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. சமணத் துறவியர் உறைந்த இருக்கைக்குப் பள்ளி என்று பெயர். அங்கேயே எழுத்தறிவிக்கப்பட்டமையால் கல்விக்கூடத்துக்கும் அப்பெயர் நிலைத்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. உறைவிடமும் கல்வியும் ஒன்றாக இருக்கவேண்டும் என்ற அப்பழைய முறையையே, வேறொரு சமயமரபில் நின்று, அவினாசிலிங்கம் தம் வாழ்நாட்பணியாக மேற்கொண்டார்.

சென்னையில் பட்டப்படிப்பையும் சட்டக் கல்வியையும் முடித்த அவர், உறவினரும் புகழ்பெற்ற வழக்கறிஞருமான தி. ஆ. இராமலிங்கஞ் செட்டியாரிடம் சிலகாலம் தொழில் பயின்றார். இராமலிங்கஞ் செட்டியார் கூட்டுறவு இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவர். உழவர்க்குக் கடன் எப்படிக் கிடைக்கவேண்டும், சிறுதொகைகள் சேர்ந்து எப்படிப் பெருநிதி ஆகும் என்பவற்றையெல்லாம் நடைமுறையில் காட்டியவர். இளைஞர் அவரிடம் கற்ற சட்டத்தைவிட இதுவே பிற்காலத்தில் மிகுதியாகப் பயன்பட்டது என்று கருத இடமுண்டு. வழக்குமன்ற வருவாயில் அவினாசிலிங்கத்துக்கு நாட்டம் நிலைக்கவில்லை. இராமகிருஷ்ணர், விவேகானந்தர் ஆகியோரின் நெறியும் காந்தியடிகளின் இயக்கமும் அவரை ஒருசேர ஈர்த்தன. இல்லறம் மேற்கொள்ளாமலே இருந்துவிட முடிவு செய்தார். காங்கிரசில் சேர்ந்து 1930-களிலும் 1940-களிலும் பலமுறை சிறை சென்றார்.

அக்காலத்துத் திருப்பூரைப் பற்றிச் சிறிது விரித்துச் சொல்லவேண்டும். அவருடைய பணியின் பின்புலம் அதுவே. 1925-இல் காந்தியடிகள் அகில இந்தியச் சர்க்கா சங்கத்தை நிறுவியபின், தமிழ்நாட்டில் அச்சங்கத்தின் நடுவிடமாகத் திருப்பூர் விளங்கிற்று. சுற்றுவட்டாரத்துக் கரிசல் நிலத்திலும் கிணற்றுப் பாசன நிலத்திலும் பருத்தி விளைந்தது. பஞ்சு அரைவை ஆலைகள் ஊரிலேயே இருந்தன. நெசவாளர் அருகிலிருந்தனர். சங்கம் ஊரூராகப் பஞ்சு கொடுத்து, பெண்கள் நூற்ற நூலைக் கூலி தந்து வாங்கி, நெய்வித்துத் துணியாக விற்றது. மழை பொய்த்த ஆண்டுகளில் பல குடும்பங்களுக்கு அக்கூலியே உப்பும் புளியும் வாங்கக் கைகொடுத்தது. 1932 சனவரியில் காவலரால் தாக்குண்டு உயிர்நீத்த குமரனும் அவ்வூர்ப் பஞ்சு ஆலை ஒன்றில் கணக்கெழுதி வாழ்ந்தவரே.

ஆனால் கதர்ப்பணியில் ஒரு முடிச்சு இருந்தது. நூற்கும் பெண்ணுக்கு நாளொன்றுக்குக் கிடைத்தது சில காசுகளே. அது போதாது என்று உணர்ந்த காந்தியடிகள், வாழ்வதற்கேற்ற கூலி தரப்படவேண்டும் என்று 1935-இல் வற்புறுத்தினார். கூலி உயர்ந்தால் துணியின் விலை உயரும்; விலை உயர்ந்தால் வாங்குவோர் குறைவர்; வாங்குவோர் குறைந்தால் நூற்பதற்கே வேலையிராது. ஏழைப் பெண்ணின் உணவு, எங்கோ ஒரு நகரத்தில் கதர் உடுத்துவோரின் மனவுறுதியைச் சார்ந்து நின்றது. இதே காலத்தில் அதே ஊரில், எந்தத் தலைவரின் அழைப்பும் இன்றி, பின்னல் பொறிகள் சில வந்து இறங்கின. பனியன் தொழில் அவ்வாறே துளிர்த்தது. கதர் தேய, பனியன் வளர்ந்தது. தொண்டு வேறு, வாணிகம் வேறு என்று இதை எளிதாகச் சொல்லி நகர்ந்துவிடலாம். எனினும் ஓர் ஊருக்கு வெளியிலிருந்து கொண்டுவரப்படும் நன்மை எவ்வளவு காலம் நிலைக்கும் என்ற வினா அதனுள் இருக்கிறது. சமுதாயப் பணியில் ஈடுபடும் எவரும் அவ்வினாவைக் கடந்துசெல்ல முடியாது.

அவினாசிலிங்கம் கதரைக் கைவிடவில்லை; வாழ்நாள் முழுவதும் கதரே உடுத்தினார். ஆனால் தம் உழைப்பை அவர் செலுத்திய இடம் வேறு. 1930-இல் கோயமுத்தூரில் ஒரு வாடகை வீட்டில், கையிருப்பு என்று சொல்லத் தகுந்த எதுவும் இல்லாத நிலையில், இராமகிருஷ்ண வித்தியாலயம் என்னும் சிறு உறைவிடப் பள்ளியைத் தொடங்கினார். தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்ட வகுப்புச் சிறுவரைப் பிறரோடு ஒரே கூரையின்கீழ் உறங்கவும் ஒரே பந்தியில் உண்ணவும் வைத்த பள்ளி அது. இன்று இது பெரிதாகத் தோன்றாது. 1930-இல் கொங்கு நாட்டில் நிலைமை அவ்வாறன்று. கோயில் வாயில்கள் அடைபட்டிருந்தன. தேநீர்க் கடைகளில் குவளைகள் தனித்தனியாக இருந்தன. பிள்ளையை அனுப்புவதற்கு முன் எந்தப் பெற்றோரும் ஒருமுறைக்கு இருமுறை எண்ணியிருப்பர். செல்வர் வீட்டுப் பிள்ளை ஒருவர் மேடையேறித் தீண்டாமையைக் கண்டித்துப் பேசியிருந்தால் ஊர் கைதட்டியிருக்கும். சமையற்கட்டில் அதைச் செய்து காட்டியபோதுதான் பணியின் விலை தெரிந்தது.

அவர் கண்ட முறை சிக்கலானதன்று. மாணவர் தம் அறையைத் தாமே பெருக்கவேண்டும். உண்ட கலத்தைத் தாமே கழுவவேண்டும். தோட்டத்திலும் தொழிற்கூடத்திலும் நாள்தோறும் உழைக்கவேண்டும். வழிபாட்டில் எல்லாரும் ஒன்றாக அமரவேண்டும். காந்தியடிகள் 1937-இல் வார்தாவில் ஆதாரக் கல்வித் திட்டத்தை நாட்டின்முன் வைப்பதற்கு ஏழாண்டுகளுக்கு முன்பே தொடங்கிய பள்ளி இது என்பதை நினைவிற்கொள்ளலாம். 1934-இல் தமிழகச் சுற்றுப்பயணத்தின்போது காந்தியடிகளே வந்து, மேட்டுப்பாளையம் சாலையில் பெரியநாயக்கன்பாளையத்தில் பள்ளியின் புதிய இடத்துக்கு அடிக்கல் நாட்டினார். பள்ளி இராமகிருஷ்ண மிஷனின் ஓர் அங்கமாயிற்று. தொடங்கியவர் தம் பெயரிலோ குடும்பத்தின் பெயரிலோ அதை வைத்துக்கொள்ளாமல் ஒரு நிலையான அமைப்பிடம் ஒப்படைத்தது கவனிக்கத்தக்கது. அறநிலையங்கள் பல, நிறுவியவர் மறைந்த இரண்டாம் தலைமுறையில் வழக்குமன்றத்தில் போய் நிற்பதை வழக்கறிஞராக அவர் அறிந்திருக்கவேண்டும்.

நல்ல ஆசிரியர்களைத் தேடிச் சேர்ப்பதில் அவர் கைதேர்ந்தவர். மொடக்குறிச்சிப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்த பெரியசாமித் தூரன் இங்கே ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் பல்லாண்டு பணியாற்றினார். அவரை எதற்காகக் காலம் ஆயத்தப்படுத்தியது என்பது பின்னால் தெரியவரும்.

1935 முதல் பத்தாண்டுக் காலம் அவினாசிலிங்கம் மத்திய சட்டமன்ற உறுப்பினராக இருந்தார். 1946-இல் சென்னை மாகாணத்தில் பிரகாசம் தலைமையில் காங்கிரஸ் அமைச்சரவை அமைந்தபோது கல்வியமைச்சரானார். அடுத்து வந்த ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் அமைச்சரவையிலும் அப்பொறுப்பு அவரிடமே இருந்தது. மூன்றாண்டுக்குச் சற்றே குறைந்த அக்காலமே அவர் வாழ்வில் மிகச் செறிவானது.

அவ்வரசு 1946-இல் பிர்க்கா மேம்பாட்டுத் திட்டம் என்ற ஒன்றைத் தொடங்கிற்று. பல ஊர்கள் சேர்ந்த வருவாய்த்துறைப் பிரிவுக்குப் பிர்க்கா என்று பெயர். முதற்கட்டமாக 34 பிர்க்காக்களைத் தேர்ந்து, சாலை, குடிநீர், உழவு, கைத்தொழில், கல்வி அனைத்தையும் ஒருங்கே வளர்க்க முயன்றனர். இந்தியா முழுவதற்கும் சமுதாய வளர்ச்சித் திட்டம் வருவதற்கு ஆறாண்டுகள் முந்திய முயற்சி அது. அதனோடு, புதிய நூற்பாலைகளுக்கு இடந்தராமல் கதரைப் பரப்பவும் பிரகாசம் முனைந்தார். ஆலைத் தொழிலில் ஊறிய கோவை வட்டாரம் அதை ஏற்கவில்லை. 1947 மார்ச்சில் பிரகாசம் பதவியிழந்ததும் அக்கொள்கை தளர்ந்துபோயிற்று. அரசாணையால் கொண்டுவந்ததை மற்றோர் அரசாணை அழித்தது. அமைச்சரவையில் இருந்தே இதைக் கண்ட அவினாசிலிங்கம், தம் துறையில் வேறுவகையாகச் செயற்பட்டார். அதற்குச் சான்று 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம்.

நூலக இயக்கத்தின் தந்தை எனப் போற்றப்படும் சீர்காழி இரா. அரங்கநாதன் 1928 முதலே சென்னை நூலகச் சங்கத்தின் வழியாக இதற்குப் பாடுபட்டவர். 1931-இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊர்களுக்குக் கொண்டுசென்ற முயற்சி அவ்வியக்கத்தைச் சார்ந்தது. அந்த வண்டியில் வந்த நூல்கள் வள்ளல் ஒருவரின் கொடையால் வந்தவை. கொடை நின்றால் வண்டி நிற்கும். அவ்வாறு நிற்கக்கூடாது என்றால் சட்டம் வேண்டும் என்பது அரங்கநாதனின் உறுதி. அதற்கு முன் சட்டமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்ட முன்வரைவுகள் நிறைவேறவில்லை. கல்வியமைச்சராக அவினாசிலிங்கம் அமர்ந்தபின்னரே அது கைகூடிற்று. அதற்குச் சற்று முன் கோலாப்பூர் சமஸ்தானத்தில் ஒரு நூலகச் சட்டம் இருந்ததுண்டு. விடுதலை பெற்ற இந்தியாவில் முதற்சட்டம் சென்னையுடையதே.

சட்டத்தின் உயிர்நிலை அதன் நிதி ஏற்பாட்டில் இருக்கிறது. மாவட்டந்தோறும் ஒரு நூலக ஆணைக்குழு அமையும். வீட்டுவரியாகவும் சொத்துவரியாகவும் செலுத்தும் ஒவ்வொரு ரூபாய்க்கும் மேலாக மூன்று தம்படி, அதாவது காலணா, நூலக வரியாகத் தண்டப்படும். சென்னை நகரம் நீங்கலான இடங்களில் அத்தொகைக்குக் குறையாமல் அரசும் தன் பங்கை இடும். கிளை நூலகங்களும், நூல் வழங்கும் சிறு நிலையங்களும் ஊரூராகத் திறக்கப்படும். உள்ளே நுழைவதற்குக் கட்டணம் இல்லை.

காலணா மிகச் சிறிய காசு. எவருக்கும் சுமையில்லை. ஆனால் அதைச் செலுத்தியவர் நூலகத்தை எவருடைய தயவு என்றும் எண்ணவேண்டியதில்லை, அது அவருடையது. சமண மரபில் உணவு, மருந்து, அடைக்கலம் ஆகியவற்றோடு சாத்திர தானமும் நால்வகைத் தானங்களுள் ஒன்றாகப் போற்றப்படுவதை அறிந்தோர், இங்கே நிகழ்ந்த மாற்றத்தை எளிதில் உணர்வர். ஓலைச்சுவடியைப் படியெடுத்து வழங்கியவர் கொடையாளர்; பெற்றவர் நன்றியுடையவர். இச்சட்டத்தில் கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரே. கூட்டுறவு இயக்கத்தின் நிழலில் வளர்ந்த ஒருவருக்கு இவ்வேற்பாட்டின் வலிமை எடுத்துச் சொல்லாமலே விளங்கியிருக்கும்.

சட்டம் நினைத்தபடியெல்லாம் நடந்துவிடவில்லை. உள்ளூர் மக்களின் பங்கேற்பால் இயங்கவேண்டிய ஆணைக்குழுக்கள் நாளடைவில் அலுவலர் பொறுப்பிலேயே விடப்பட்டன. வசூலான வரி முழுமையாக நூலகத்துக்கு வந்துசேர்வதில்லை என்ற முறையீடு இன்றளவும் உண்டு. ஆயினும் ஆட்சிகள் எத்தனையோ மாறியும் அச்சட்டத்தை ஒருவரும் நீக்கவில்லை. பிர்க்காத் திட்டத்தின் பெயரைக்கூட இன்று அறிந்தோர் சிலரே.

அமைச்சராக அவர் செய்தவை வேறு பல. உயர்நிலைப் பள்ளிகளில் தாய்மொழிவழிக் கல்வியை உறுதிப்படுத்தினார். திருக்குறளைப் பள்ளிப் பாடத்தில் இடம்பெறச் செய்தார். 1949-இல் பாரதியார் படைப்புகளின் உரிமையை அரசு ஏற்பது என முடிவான காலத்தில் கல்வித்துறை அவர் பொறுப்பிலிருந்தது. 1946-இல் அவர் நிறுவிய தமிழ் வளர்ச்சிக் கழகம், மறு ஆண்டில் கலைக்களஞ்சியப் பணியை மேற்கொண்டது. அதன் தலைமைப் பதிப்பாசிரியராக அமர்ந்தவர் வித்தியாலயத்துத் தலைமையாசிரியர் தூரனே. 1954-இல் முதல் தொகுதி வெளிவந்து, 1968-இல் பத்தாம் தொகுதியோடு நிறைவுற்ற அப்பணியில், அமைச்சர் பதவி போனபின்னரும் கழகத் தலைவராக இருந்து பொருளும் ஆளும் திரட்டித் தந்தவர் அவினாசிலிங்கம். அதன்பின் குழந்தைகளுக்கென்றும் பத்துத் தொகுதிகள் வெளிவந்தன.

1952-இல் நடந்த முதற் பொதுத்தேர்தலில் பிறந்த ஊராகிய திருப்பூர்த் தொகுதியே அவரை மக்களவைக்கு அனுப்பிற்று. அவ்வாண்டு அக்டோபர் 2-ஆம் நாள், நாடெங்கும் 55 இடங்களில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டது. கோவை மாவட்டத்துக் கீழ்பவானிப் பாசனப் பகுதியும் அவற்றுள் ஒன்று. கிராம சேவகர் என்ற புதிய பணியாளர் ஊர்களில் தோன்றினார். விதை, உரம், கிணறு, கழிவறை, முதியோர் கல்வி என எல்லாவற்றுக்கும் அவர் ஒருவரே பொறுப்பு. எண்ணம் உயர்ந்ததே. ஆனால் ஐந்தாண்டுக்குள்ளாகவே, 1957-இல், பல்வந்தராய் மேத்தா குழு நாடெங்கும் ஆய்ந்து, திட்டம் மக்களின் முனைப்பைத் தூண்டத் தவறிவிட்டது என்று அறிக்கை தந்தது. அரசு செய்யும் பணிக்கு மக்கள் உதவுவதாக அது இருந்ததேயன்றி, மக்கள் செய்யும் பணிக்கு அரசு உதவுவதாக இல்லை. ஊராட்சி ஒன்றியங்கள் பிறந்தது இவ்வறிக்கையின் விளைவாகவே.

கிராம சேவகர் எங்கிருந்து வருவார், அவருக்கு யார் கற்பிப்பார் என்பதே அவினாசிலிங்கத்தின் கவலை. நகரத்துக் கல்லூரியில் பயின்ற இளைஞர் ஊருக்குத் திரும்புவதில்லை. திரும்பினாலும் வரப்பில் கால் வைப்பதில்லை. 1956-இல் நடுவணரசு ஊரக உயர்கல்வி நிறுவனங்களைத் தொடங்க முன்வந்தபோது, தமிழகத்தில் காந்திகிராமத்தோடு பெரியநாயக்கன்பாளைய வித்தியாலயமும் தேர்ந்தெடுக்கப்பட்டது. வேளாண்மை, ஊரகப் பொறியியல், ஊரகப் பணி ஆகியவை அங்கே உயர்கல்வியாயின. மாணவர் சுற்றுவட்டார ஊர்களுக்குச் சென்று பணிசெய்வது படிப்பின் பகுதியாயிற்று. இந்நிறுவனங்கள் தந்த பட்டயத்துக்கு அரசுப்பணியில் நெடுங்காலம் உரிய மதிப்பு கிடைக்கவில்லை என்பது உண்மை. ஊருக்கென்று படித்தவரை ஊர் மதித்தது, அலுவலகம் மதிக்கவில்லை. பின்னாளில் இவை வழக்கமான பல்கலைக்கழகப் பட்டப்படிப்புகளாக மாறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

1957-இல் அவர் கோவையில் மகளிர்க்கென மனையியல் கல்லூரி ஒன்றை நிறுவினார். அதைச் சமையற்கலைக் கல்லூரி என்று எள்ளியோரும் உண்டு. அவருடைய கணிப்பு வேறு. ஊர்த் திட்டங்கள் யாவும் ஆடவரோடு பேசிவிட்டு நின்றுவிடுகின்றன. குழந்தை எதை உண்கிறது, கருவுற்ற பெண்ணுக்கு இரும்புச்சத்துக் கிடைக்கிறதா, கிணற்று நீர் மூடி வைக்கப்படுகிறதா என்பவற்றை முடிவு செய்வோர் பெண்கள். அவர்களோடு பேசத் தகுதியுள்ள பெண்கள் வேண்டும். ஊட்டச்சத்து அறிஞர் இராஜம்மாள் தேவதாஸ் இக்கல்லூரியின் முதல்வராகிப் பல்லாண்டு வழிநடத்தியபின், அதன் ஊரகப் பணியும் ஊட்டச்சத்து ஆய்வும் நாடளவில் பெயர்பெற்றன. 1988-இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. வறுமைப்பட்ட குடும்பத்துப் பெண்கள் பலர் தம் குலத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்று வெளிவந்தது அந்த வளாகத்திலிருந்துதான்.

1958 முதல் 1964 வரை மாநிலங்களவையிலும் அவர் இருந்தார். 1970-இல் பத்மபூஷண் விருது வந்தது. இவை பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. தில்லியில் கூட்டம் முடிந்ததும் கோவைக்கே திரும்பினார். எளிய அறை, கதர் வேட்டி, மாணவரோடு உணவு என்பதே அவர் வாழ்க்கை. நிறுவனத்தார் அனைவர்க்கும் அவர் ஐயா.

அவர் விரும்பியபடியெல்லாம் அவர் பிறந்த ஊர் நடந்துகொள்ளவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1970-களிலிருந்து பனியன் ஏற்றுமதி பெருகியபோது, திருப்பூரில் பன்னிரண்டு வயதுச் சிறுவர் பலர் பள்ளியை விட்டுத் தையற்கூடத்தில் கைமடிக்கச் சென்றனர். கைத்தொழில் கல்விக்குள் வரவேண்டும் என்று வாழ்நாளெல்லாம் உழைத்தவரின் ஊரில், கைத்தொழில் கல்வியை விழுங்கிற்று. கூலி நல்ல கூலி. குடும்பத்துக்கு உடனே பயன்பட்டது. அதனாலேயே அதைத் தடுப்பது அரிதாயிற்று. வித்தியாலயத்து இராட்டையும் தறியும் அச்சிறுவர்க்கு எட்டவில்லை. பின்னர்ச் சட்டமும், அயல்நாட்டு வணிகர் விதித்த நிபந்தனைகளும், இரவுப்பள்ளிகள் நடத்திய தொண்டர்களும் சேர்ந்தே அந்நிலையைப் படிப்படியாக மாற்றவேண்டியிருந்தது.

1991 நவம்பர் 21-ஆம் நாள், தம் 88-ஆம் வயதில், அவினாசிலிங்கம் செட்டியார் மறைந்தார். திருப்பூர் தனி மாவட்டமானது அதற்குப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2009-இல். அம்மாவட்டத்துக்கென்று ஒரு நூலக ஆணைக்குழுவும் ஒரு மாவட்ட மைய நூலகமும் அமைந்தன. நொய்யலின் இருகரையிலும் உள்ள பின்னலாடைக் கூடங்களும், சாயப்பட்டறைகளும், அவற்றில் உழைப்போர் குடியிருக்கும் வரிசை வீடுகளும் செலுத்தும் சொத்துவரியோடு நூலக வரியும் சேர்ந்தே தண்டப்படுகிறது. காலணாவாகத் தொடங்கியது இன்று ரூபாய்க்குப் பத்துக் காசு.